சுருங்கும் தொலைவு: ஸ்டெல்த் போர் விமானங்களும் நாடுகளின் போர்த்திட்டங்களும்

ரேடார் அனுப்பும் ரேடியோ அலை ஒரு விமானத்தின் மீது பட்டதும் பல திசைகளில் சிதறுகிறது. அதில் மிகச் சிறிய பங்கு மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். அந்தப் பங்கைப் பிடித்துத்தான் விமானம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று ரேடார் சொல்கிறது. அந்தத் திரும்பும் பங்கைக் குறைப்பதே ஸ்டெல்த் தொழில்நுட்பத்தின் முதன்மை வேலை. எவ்வளவு குறைத்தாலும் அது பூச்சியம் ஆவதில்லை. ரேடாருக்கு அறவே தெரியாத விமானம் எந்த நாட்டிடமும் கிடையாது. மிக அருகே வந்த பிறகே தெரிகிற விமானங்கள் சில நாடுகளிடம் இருக்கின்றன.

ஒரு விமானம் எவ்வளவு அலையைத் திருப்பி அனுப்புகிறது என்பதை ரேடார் குறுக்குப்பரப்பு என்ற அளவால் குறிப்பார்கள். எரிபொருள் தொட்டிகளையும் ஏவுகணைகளையும் இறக்கைக்கு அடியில் தொங்கவிட்டுப் பறக்கும் பழைய பாணிப் போர் விமானத்துக்கு இது பல சதுர மீட்டர். சுமார் 19 மீட்டர் நீளமுள்ள எஃப்-22 விமானமோ, நேர் எதிரே இருந்து பார்க்கும் ரேடாருக்கு ஒரு கோலிக்குண்டு அளவுக்கே தெரியும் என்று அமெரிக்கத் தரப்பு சொல்லி வருகிறது. துல்லியமான எண்களை எந்த நாடும் வெளியிடுவதில்லை.

குறுக்குப்பரப்பு குறையும் அதே விகிதத்தில் கண்டுபிடிக்கும் தொலைவு குறைவதில்லை. அலை போகும்போதும் பரவி மெலிகிறது, திரும்பும்போதும் பரவி மெலிகிறது. ஆகவே தொலைவு, குறுக்குப்பரப்பின் நான்காம் படிமூலத்தைப் பொறுத்தே மாறும். குறுக்குப்பரப்பை 16 மடங்கு குறைத்தால் தொலைவு பாதியாகும். 10,000 மடங்கு குறைத்தால்தான் பத்தில் ஒரு பங்காகும். கொஞ்சம் ஸ்டெல்த் என்பதால் பெரிய பயன் இல்லாமல் போவதற்கும், இந்த விமானங்களுக்கு இவ்வளவு செலவு பிடிப்பதற்கும் இந்தக் கணக்கே காரணம்.

ஐந்து சதுர மீட்டர் குறுக்குப்பரப்புள்ள விமானத்தை 300 கி.மீ. தொலைவில் கண்டுபிடிக்கும் ரேடார் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 15 கி.மீ. வீதம் நெருங்குகிறது. எச்சரித்து, ஏவுகணையைத் தயார்ப்படுத்தி, இடைமறிக்கும் விமானத்தைக் கிளப்ப 20 நிமிடம் கிடைக்கும். குறுக்குப்பரப்பு 10,000 மடங்கு குறைந்த விமானம் அதே ரேடாருக்கு 30 கி.மீ. தொலைவில்தான் தென்படும். அப்போது கையில் இருப்பது இரண்டே நிமிடம். வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு வாங்க முயல்வது எதிராளியின் அந்த 18 நிமிடத்தைத்தான்.

மலைக்குப் பின்னால் ஒளிந்த காலம்

வடிவத்தை மாற்றி ஒளிந்துகொள்ளக் கற்பதற்கு முன்னால் விமானிகள் தரையோடு ஒட்டிப் பறந்து ஒளிந்தார்கள். ரேடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு அதற்கு ஓர் எல்லை போடுகிறது. 16 மீட்டர் உயரக் கம்பத்தில் உள்ள ரேடார், 10,000 மீட்டர் உயரத்தில் வரும் விமானத்தைத் தடையற்ற சமவெளியில் 400 கி.மீ.க்கு மேலும் பார்க்க முடியும். அதே விமானம் 100 மீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டால் 60 கி.மீ.க்குள் வந்த பிறகே கண்ணில் படும்.

நடுவில் ஒரு மலை இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சேலம் சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டரில் இருக்கிறது; சேர்வராயன் மலையின் மேல்முகடுகள் 1,500 மீட்டரைத் தாண்டுகின்றன. காமலாபுரம் விமான நிலையத்தை ஒட்டி ஒரு ரேடார் நிற்பதாக வைத்துக்கொண்டால், கிழக்கே ஏறத்தாழ 15 கி.மீ.யில் மலை சுவராக மறிக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், ரேடாரிலிருந்து 30 கி.மீ. தள்ளி, 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு விமானம் வந்தாலும் அது மலையின் நிழலுக்குள்தான் இருக்கும். வெள்ளக்கடையில் காப்பித் தோட்டத்து வேலையில் இருப்பவர் காதில் அதன் இரைச்சல் விழும். காமலாபுரத்துத் திரையில் ஒன்றும் இராது. ரேடாரை மலையுச்சிக்கே கொண்டுபோனால் பார்வை விரியும். ஆனால் மலைமடிப்புகளுக்குள் இருக்கும் பள்ளங்கள் அப்போதும் மறைவாகவே இருக்கும்.

1960களிலும் 70களிலும் உலகின் விமானப்படைகள் இந்த நிழலை நம்பியே ஊடுருவும் திட்டங்களைத் தீட்டின. பிறகு ரேடாரையே விமானத்தில் ஏற்றி மேலே இருந்து கீழே பார்க்கும் முறை வந்தது. தரையிலிருந்து வரும் எதிரொலிப்பையும் நகரும் விமானத்தின் எதிரொலிப்பையும் டாப்ளர் விளைவைக் கொண்டு பிரித்தறிய முடிந்ததும், தாழப் பறப்பவருக்கு இருந்த பாதுகாப்பு வெகுவாகக் குறைந்தது. தரையிலிருந்து சுடும் துப்பாக்கிகளுக்கும் தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகளுக்கும் அவர்கள் எளிதில் இரையானார்கள். உயரத்தில் பறந்துகொண்டே ஒளிய வழி தேட வேண்டியதாயிற்று.

வடிவமே முதல்

அந்த வழிக்கான கணிதம் சோவியத் ஒன்றியத்தில் பிறந்தது. பியோத்தர் உஃபிம்ட்செவ் என்ற இயற்பியலாளர், ஒரு பொருளின் விளிம்புகளில் ரேடியோ அலை எப்படிச் சிதறும் என்று கணக்கிடும் முறையை 1962இல் நூலாக வெளியிட்டார். சோவியத் ராணுவம் அதில் ரகசியம் ஏதும் இருப்பதாகக் கருதவில்லை. நூல் வெளிப்படையாகவே அச்சானது. அமெரிக்க விமானப்படை அதை மொழிபெயர்த்து வைத்திருந்தது. லாக்ஹீட் நிறுவனத்தின் கணிதவியலாளர் டெனிஸ் ஓவர்ஹோல்சர் 1970களின் நடுவில் அதைப் படித்து, ஒரு விமானத்தின் குறுக்குப்பரப்பைக் கட்டுவதற்கு முன்பே கணினியில் கணக்கிடலாம் என்று கண்டுகொண்டார். தன் நாட்டில் யாரும் பொருட்படுத்தாத ஒரு கோட்பாடு எதிரி நாட்டின் ஆயுதமாகத் திரும்பி வந்தது, பனிப்போர்க்கால அறிவியல் வரலாற்றில் மறக்க முடியாத நிகழ்ச்சி.

அன்றைய கணினிகளுக்கு வளைந்த பரப்புகளைக் கணக்கிடும் திறன் இல்லை. தட்டையான தகடுகளை மட்டுமே அவை கணக்கிட்டன. எனவே விமானத்தைத் தகடுதகடாக, வைரத்துக்குப் பட்டை தீட்டியதுபோல் வெட்டினார்கள். ஒவ்வொரு தகடும் அலையை ரேடார் இல்லாத பக்கம் தள்ளிவிடும் கோணத்தில் அமைந்தது. ஹேவ் புளூ என்ற சோதனை விமானம் 1977 டிசம்பரில் பறந்தது. அதிலிருந்து வந்த எஃப்-117, 1981 ஜூனில் முதன்முதலாகப் பறந்து, 1983இல் சேவைக்கு வந்து, 1988 நவம்பர் வரை உலகுக்கே தெரியாமல் இருந்தது. அதில் ரேடார் கிடையாது, பீரங்கி கிடையாது. வயிற்றுக்குள் இரண்டு குண்டுகள் மட்டும். தானாக நிலைத்துப் பறக்காத அந்த வடிவத்தைக் கணினிகள் நொடிக்கு நொடி திருத்திப் பறக்கவைத்தன. 1991 ஜனவரியில் பாக்தாத் மீது நடந்த முதல் இரவுத் தாக்குதலில் அது பங்கேற்றது.

கணினிகள் வளர்ந்ததும் வளைவுகளைக் கணக்கிட முடிந்தது. பி-2, எஃப்-22, எஃப்-35 ஆகியவை வழவழப்பான வளைவுகளோடு வந்தது அதனால்தான். இன்றைய ஸ்டெல்த் போர் விமானம் எதைப் பார்த்தாலும் சில பொது அடையாளங்கள் தெரியும். இறக்கையின் முன்விளிம்பும் வால்பகுதியின் முன்விளிம்பும் ஒரே கோணத்தில் இருக்கும். சிதறும் அலை சில குறிப்பிட்ட திசைகளில் மட்டும் குவிந்து, மற்ற திசைகளில் அடங்கிவிடும். செங்குத்து வால்கள் சாய்ந்திருக்கும், ஏனெனில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரு பரப்புகள் வந்த அலையை வந்த வழியே திருப்பிவிடும். கதவுகளின் ஓரங்கள் ரம்பப் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். ஆயுதங்கள் வயிற்றுக்குள் போகும்.

இவை எல்லாவற்றிலும் கடினமானது காற்று நுழைவாய். முன்பக்கம் இருந்து பார்க்கும் ரேடாருக்கு, சுழலும் எஞ்சின் தகடுகளே பெரிய எதிரொலிப்பான்கள். அவற்றிலிருந்து திரும்பும் அலையின் துடிப்பை வைத்து அது எந்த வகை எஞ்சின், எந்த விமானம் என்றுகூடச் சொல்லிவிடலாம். அதனால் காற்றுக் குழாயைப் பாம்புபோல் வளைத்து, வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சின் முகம் தெரியாதபடி மறைக்கிறார்கள். வளைவு கூடினால் காற்றின் அழுத்தம் குறைந்து எஞ்சினின் உந்துவிசை குறையும். வளைவு போதாவிட்டால் மறைவு போகும். இந்தியாவின் தேஜஸ் போர் விமானம் ஸ்டெல்த் வகை அல்ல. ஆனாலும் அதன் இரு நுழைவாய்களும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்து எஞ்சினின் முகத்தை ஓரளவு மறைக்கின்றன. தேஜஸ் மார்க் 1ஏ விமானத்துக்கான இந்தக் காற்று நுழைவாய் அமைப்புகளைச் செய்து தருவது கோயம்புத்தூரின் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ், நூற்பாலை எந்திரங்களுக்குப் பெயர்போன நிறுவனம். இறக்கைகள் அதே கோவையில் எல் அண்ட் டி ஆலையில் தயாராகின்றன.

வடிவம் செய்து முடித்ததில் மிச்சம் இருப்பதைப் பூச்சு கவனிக்கிறது. விமானத் தோலுக்கு நெடுங்காலம் பயன்பட்ட அலுமினியம், ரேடியோ அலையைக் கிட்டத்தட்ட முழுதாகத் திருப்பி அனுப்பும் உலோகம். சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்த பாக்சைட்டைக் கொண்டு மேட்டூர் ஆலை தயாரித்ததும் இதே அலுமினியம்தான். இன்று தேஜஸின் வெளிப்பரப்பில் பெரும்பகுதி கரியிழைக் கலப்புப்பொருள். எடை குறைப்பதே அதன் முதல் நோக்கம். கரியிழையும் மின்சாரத்தைக் கடத்துவதால் அதுவும் அலையைத் திருப்பவே செய்யும். வெறும் பொருள் மாற்றத்தால் மறைவு வந்துவிடாது. நுண்ணிய இரும்புத் துகள் கலந்த பூச்சு அலையின் ஆற்றலை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. அடுக்கின் தடிமன் அலைநீளத்தில் கால்பங்கு இருந்தால், மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் அலையும் உள்ளே போய்த் திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். போர் விமான ரேடார்களின் அலைநீளம் சுமார் 3 செ.மீ.; கால்பங்கு என்றால் 7.5 மி.மீ., பொருத்தமான பொருளில் அதைவிடவும் மெல்லியதாகச் செய்யலாம். இரண்டு மீட்டர் அலைநீளத்துக்கு இதே உத்தியைப் பின்பற்றினால் அரை மீட்டர் தடிமனில் பூச வேண்டியிருக்கும்.

எதிர்ப்பக்கத்தின் பிடி அங்கேதான் இருக்கிறது. மீட்டர் கணக்கில் அலைநீளமுள்ள வி.எச்.எஃப். ரேடார்களுக்கு, வாலும் இறக்கை நுனியும் அலைநீளத்துக்கு ஒப்பான அளவில் இருப்பதால், நுட்பமாக வெட்டிய கோணங்கள் பெரிதாகப் பயன்படுவதில்லை. 1999 மார்ச் 27 அன்று செர்பியாவில் ஜோல்தான் தானி தலைமையில் இயங்கிய ஏவுகணைப் பிரிவு, பழைய பி-18 என்ற நீளலை ரேடாரால் எஃப்-117 ஒன்றைத் தடம் கண்டு, எஸ்-125 ஏவுகணையால் சுமார் 13 கி.மீ. தொலைவிலிருந்து வீழ்த்தியது. எஸ்-125தான் இந்திய விமானப்படை பல பத்தாண்டுகளாக வைத்திருந்த பெச்சோரா. அமெரிக்க விமானங்கள் இரவுக்கு இரவு ஒரே பாதையில் வந்துகொண்டிருந்தன. தானி தன் ரேடார்களைச் சில நொடிகள் மட்டும் இயக்கி, ஏவுகணைகளை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். அந்த வெற்றியில் ரேடாருக்கு இருந்த பங்குக்குக் குறையாத பங்கு அவருடைய ஒழுங்குக்கும் உண்டு. நீளலை ரேடார் ஒரு விமானம் இந்தத் திசையில் வருகிறது என்று சொல்லும். ஏவுகணையை வழிநடத்தும் அளவுக்குத் துல்லியம் அதற்கு இல்லை. அதனால் ஸ்டெல்த் செத்துவிட்டது என்று அன்று எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள்.

இன்னொரு பலவீனம் பராமரிப்பு. பூச்சு உரிந்தாலோ, ஒரு மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலோ குறுக்குப்பரப்பு கூடிவிடும். ரகசியமும் சேர்ந்தால் ஒரு சாதாரணக் கோளாறும் பெருஞ்சிக்கலாகிறது. 2025 ஜூன் 14 அன்று பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலிலிருந்து கிளம்பிய எஃப்-35பி ஒன்று, மோசமான வானிலையும் எரிபொருள் குறைவும் சேர்ந்து திருவனந்தபுரத்தில் இறங்கியது. பிறகு ஹைட்ராலிக் கோளாறு கண்டது. மழையில் திறந்தவெளியில் நின்ற விமானத்தைக் கூடத்துக்குள் கொண்டுபோகக்கூட பிரிட்டனிலிருந்து தனிக்குழு வரவேண்டியிருந்தது. அது திரும்பிப் பறந்தது ஜூலை 22 அன்று. தன் தளத்தை விட்டு விலகினால் இந்த வகை விமானம் எவ்வளவு பரிதாபமாகிவிடுகிறது என்பதைத் தென்னிந்தியா ஐந்து வாரம் கண்ணெதிரே பார்த்தது.

யாருக்கு எது தேவை

ஒரே இயற்பியல் எல்லோருக்கும் பொது என்றாலும் ஒவ்வொரு நாடும் கட்டிய விமானம் வேறு. எதிரி யார், எவ்வளவு தொலைவில் இருக்கிறான் என்பதுதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

அமெரிக்கா பிறர் வானுக்குள் நுழைந்து சண்டையிடும் நாடு. 1997இல் பறந்த எஃப்-22 வான்சண்டையில் ஒப்பற்றது. ஆனால் செலவு தாங்காமல் 187 விமானங்களோடு படையில் சேர்ப்பது முடிந்தது. அடுத்து வந்த எஃப்-35 எதிர்வழியில் போனது. ஒரே அடிப்படை வடிவம், மூன்று வகைகள், பல கூட்டாளி நாடுகள், ஆயிரத்தைத் தாண்டிய எண்ணிக்கை. அதன் உண்மையான பலம் உணரிகளில் இருக்கிறது. தான் கண்டதை மற்ற விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் அனுப்பி, வேறொருவர் சுட வழிசெய்யும் வேலையைத்தான் அது சிறப்பாகச் செய்கிறது.

ரஷ்யா தன் வானைத் தரை ஏவுகணைகளால் காப்பதில் நம்பிக்கை வைத்த நாடு. 2010 ஜனவரியில் பறந்த சுகோய்-57இல் வளைந்து திரும்பும் திறனுக்கும் வேகத்துக்கும் தந்த இடத்தை எல்லாத் திசை மறைவுக்கும் தரவில்லை. அதன் உற்பத்தி மெதுவாகவே நடக்கிறது.

சீனாவின் கவலை பசிபிக் கடல். அமெரிக்க விமானங்கள் அங்கே தொலைதூரத் தளங்களிலிருந்து வர வேண்டும். வழியில் எரிபொருள் நிரப்பும் விமானங்களும் வான்வழி ரேடார் விமானங்களும் இல்லாமல் அவற்றால் போரிட முடியாது. 2011 ஜனவரி 11 அன்று, அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் பெய்ஜிங்கில் இருந்தபோதே பறந்த ஜே-20, நீண்ட உடலும் பெரிய எரிபொருள் கொள்ளளவும் உடையது. தொலைதூர ஏவுகணைகளுடன் பதுங்கி வந்து அந்தத் துணை விமானங்களை வீழ்த்துவதுதான் அதன் முதன்மைப் பணி என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. வடிவமும் அதற்கே பொருந்துகிறது. 2017இல் சேவைக்கு வந்த அது, இப்போது 200ஐத் தாண்டிவிட்டதாக மதிப்பிடப்படுகிறது. அதைவிடச் சிறிய ஜே-35ஏ 2024 நவம்பரில் ஜுஹாய் கண்காட்சியில் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 26 அன்று வாலே இல்லாத இரண்டு புதிய சீன விமானங்கள் பட்டப்பகலில் பறந்தன. மூன்று மாதத்துக்குள் அமெரிக்கா எஃப்-47 என்ற புதிய போர் விமானத் திட்டத்தை அறிவித்தது.

இந்தியாவுக்கு இது தொலைவான செய்தி அல்ல. 2024 மே மாதம் எடுத்த செயற்கைக்கோள் படங்களில், சிக்கிம் எல்லையிலிருந்து சுமார் 150 கி.மீ. தள்ளியுள்ள திபெத்தின் ஷிகாட்சே விமானதளத்தில் ஆறு ஜே-20கள் வரிசையாக நின்றன. அந்தத் தளத்தின் உயரம் சுமார் 3,780 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட 30 விழுக்காடு குறைவு. இறக்கைக்கும் எஞ்சினுக்கும் கிடைக்கும் காற்று அந்த அளவு குறைவதால், முழு எரிபொருளும் முழு ஆயுதமும் சுமந்து எழும்புவது சிரமம். ரஃபேல் போர் விமானங்கள் நிற்கும் ஹாசிமாரா விமானதளம் சமவெளியில் இருப்பதால் இந்தியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இமயமலையில் தரை ரேடாருக்குக் கிடைப்பது, சேர்வராயன் அடிவாரத்தில் நாம் பார்த்த அதே நிழல்தான், அதைவிடப் பல மடங்கு பெரிதாக. அந்த நிழலுக்குள் பார்க்க வான்வழி ரேடார் விமானங்கள் வேண்டும். இந்தியாவிடம் ஃபால்கன் மூன்றும் நேத்ரா சிலவும்தான் உள்ளன. ஜே-20 குறிவைக்கக் கூடிய இலக்குகளே இவை.

மேற்கே பாகிஸ்தானுக்கு 40 ஜே-35 விமானங்களைச் சீனா தர முன்வந்திருப்பதாகப் பாகிஸ்தான் அரசு 2025 ஜூனில் அறிவித்தது. பிறகு அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சரே அதைக் குறைத்துப் பேசினார். அவை எப்போது வந்தாலும், 2025 மே மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் நடந்த மோதலில் இரு தரப்பு விமானங்களும் பெரும்பாலும் தங்கள் எல்லைக்குள் இருந்தபடியே தொலைதூர ஏவுகணைகளால் மோதிக்கொண்டது, யார் முதலில் பார்க்கிறார்கள் என்பதன் விலையை உணர்த்திவிட்டது.

ஆம்காவும் அதுவரையிலும்

இந்தியா முதலில் கூட்டாக முயன்றது. சுகோய்-57ஐ அடிப்படையாக வைத்து ஐந்தாம் தலைமுறை விமானம் ஒன்றை ரஷ்யாவோடு சேர்ந்து உருவாக்க, 2010 டிசம்பரில் முதற்கட்ட வடிவமைப்புக்காக 29.5 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறைவு போதாது, எஞ்சின் போதாது, தொழில்நுட்பப் பகிர்வும் போதாது என்று விமானப்படை அதிருப்தி தெரிவித்தது. 2018இல் இந்தியா விலகியது. செலவழித்த பணமும் ஆண்டுகளும் இழப்புதான். ஆனால் சரிவர மறையாத ஒரு விமானத்தில் பெரும்பணத்தைப் பூட்டி வைத்திருந்தால் இழப்பு அதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். விலகியது சரியான முடிவு.

மாற்றாக நிற்பது ஆம்கா, பெங்களூரு வானூர்தி மேம்பாட்டு முகமை வடிவமைக்கும் இரட்டை எஞ்சின் விமானம். எடை 25 டன். உள் எரிபொருள் 6.5 டன். உள்ளறையில் 1,500 கிலோ ஆயுதம். மறைவு தேவைப்படாத கட்டத்தில் வெளியே தொங்கவிட்டு 5,500 கிலோ. பாம்பு வளைவு கொண்ட காற்றுக் குழாய், சாய்ந்த வால்கள், ஒரே கோண விளிம்புகள் எல்லாம் அதில் உண்டு. மாதிரி விமானங்களைக் கட்ட 2024 மார்ச்சில் அமைச்சரவைக் குழு சுமார் 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2025 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் தந்த செயலாக்க முறைப்படி, தனியார் நிறுவனங்களும் அரசு நிறுவனங்களும் சமமாகப் போட்டியிடலாம். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் மட்டுமே போர் விமானம் கட்டும் என்ற வழக்கம் இதோடு மாறுகிறது. முதல் பறப்பு 2028–29இல், படையில் சேர்வது 2034–35இல் என்பது இலக்கு. 1983இல் தொடங்கி 2001 ஜனவரியில் பறந்து, 2016இல் முதல் படையணியைக் கண்ட தேஜஸின் வரலாற்றை அறிந்தவர்கள் இந்தத் தேதிகளைக் கவலையோடுதான் பார்ப்பார்கள்.

கவலைக்கு முக்கியக் காரணம் எஞ்சின். சொந்த முயற்சியான காவேரி தேவையான உந்துவிசையை எட்டாததால் 2008இல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. முதல் ஆம்காக்கள் அமெரிக்காவின் எஃப்-414 எஞ்சினில் பறக்கும். அடுத்த வகைக்கு 120 கிலோநியூட்டன் வகுப்பு எஞ்சினை பிரான்ஸின் சஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து இந்தியாவிலேயே உருவாக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. எஞ்சின் வெளியிலிருந்து வரும்வரை உற்பத்தி வேகமும் வெளியார் கையில்தான். தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் எஞ்சின் வராமல் காத்துக் கிடந்தது அண்மைய அனுபவம்.

மற்ற உறுப்புகளில் நிலைமை நம்பிக்கை தருகிறது. ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் பீரங்கி வண்டிகளுக்காக அமைந்தது என்றாலும், தேஜஸின் துணைக்கருவிகளை இயக்கும் பல்சக்கரப் பெட்டியை அதுதான் வடிவமைத்தது. கான்பூர் ஐஐடி 2024 நவம்பரில் ரேடார் அலையை உறிஞ்சும் அனலக்ஷ்யா என்ற மீப்பொருள் உறையை வெளியிட்டது. சித்ரதுர்காவில் 2022 ஜூலை 1 அன்று வாலில்லாத ஆளில்லா சோதனை விமானம் ஒன்று தானே எழும்பி, பறந்து, இறங்கியது. சென்னை, ஓசூர், கோயம்புத்தூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து முனைகளோடு 2019 ஜனவரியில் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் தடத்துக்கு ஆம்கா பெரிய வாய்ப்பு. ரம்பப் பல் ஓரங்களையும் நுழைவாய்களையும் மிகக் குறுகிய இடைவெளிக்குள் பொருந்தும்படி செய்துதரும் பட்டறைகள் இல்லாமல் எந்த வடிவமைப்பும் ரேடாரில் சிறுக்காது.

ஆம்கா வரும்வரை விமானப்படையின் வழி, ஒளிந்து நுழைவதைவிட விலகி நின்று அடிப்பது. தஞ்சாவூரில் 2020 ஜனவரி 20 முதல் இயங்கும் 222ஆம் படையணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் சுகோய்-30 விமானங்கள் ரேடாரில் மிகப் பெரிதாகத் தெரிபவை. ஆனால் அவை வயிற்றுக்கடியில் சுமக்கும் பிரம்மோஸ் ஏவுகணை ஒலியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் சென்று சுமார் 300 கி.மீ. அப்பால் உள்ள கப்பலையும் தாக்கும். எதிரியின் கண்ணுக்குப் படாமல் போக முடியாத விமானம், எதிரியின் கைக்கு எட்டாத தொலைவில் நின்றுவிடுகிறது. தற்காப்புப் பக்கம் 2018இல் ஒப்பந்தமான எஸ்-400 ஏவுகணைகளும், வெப்பத்தைக் கொண்டு இலக்கை அறியும் அகச்சிவப்பு உணரிகளும் உள்ளன. எஞ்சின் வாயின் சூட்டையும், வேகத்தில் உரசிச் சூடான தோலையும் எந்த வடிவமும் முழுதாக மறைப்பதில்லை.

இந்த வழிக்கும் எண்ணிக்கை வேண்டும். 42 படையணிகளுக்கு அனுமதி பெற்ற இந்திய விமானப்படை, 2025 செப்டம்பர் 26 அன்று கடைசி மிக்-21கள் ஓய்வு பெற்றதும் 29 படையணிகளுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய நாள் கூடுதலாக 97 தேஜஸ் மார்க் 1ஏ விமானங்களுக்கு 62,370 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2021இல் கேட்டிருந்த 83 விமானங்களோடு சேர்த்தால் அவை 180. 2030களின் நடுவில் ஆம்கா வரும்வரை அந்த இடைவெளியின் பெரும்பகுதியை நிரப்ப வேண்டியவை இவைதான்.